கழுத்தளவு

— அன்பார்ந்த பெருமக்களே, கலையுலகச் சான்றோர்களே, ஒலிபெருக்கி உரிமையாளர்களே! இதோ ஒரு மாபெரும் அறிவிப்பு. கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்நகரின் மேடைகளைத் தன் கம்பீரக் குரலால் கட்டியாண்ட நம் அறிவிப்பாளர், தொழிலுக்காகவே தேய்ந்து, தன் தொண்டையையே காணிக்கையாக்கி, நாளைக் காலை...

— அசையாதீங்க. சாக்பீஸ் கோடு கோணலாப் போகுது.

— கட்டின பொண்டாட்டியே ஆனாலும் நடுவுல பேசாதே, டெய்லரம்மா. ஓட்டம் அறுந்துடும். நாளைக் காலை சிகிச்சை என்னும் வேள்வித் தீயில்...

— வேள்வியும் இல்லை, தீயும் இல்லை. கரண்ட் வைக்கறாங்க, கதிர்வீச்சு. தினம் கால் மணி நேரம், ஞாயித்துக்கிழமை லீவு. இதெல்லாம் யாருக்கு?

— எங்க மேடைக்காரங்க சங்கத்துக்கு. வாட்ஸ்ஆப்புல எல்லாரும் கேக்கறாங்க, ஏன் ஒரு மாசமா மேடை ஏறலை, என்னாச்சுன்னு. பதில் போட வேண்டாமா?

— உடம்பு சரியில்லைன்னு ரெண்டு வார்த்தை போடுங்க.

— ரெண்டு வார்த்தையா? நான் எந்த மேடையில ரெண்டு வார்த்தையோட நிறுத்தியிருக்கேன்?

— அதான் ஊருக்கே தெரியுமே. அந்த ரத்ததான முகாம்ல நீங்க வரவேற்று முடிக்கறதுக்குள்ள, ரத்தம் குடுக்க வந்தவரு மயக்கம் போட்டு விழுந்துட்டாரு.

— அவர் காலையில சாப்பிடாம வந்திருப்பாரு.

— சாப்பிட்டுட்டுத்தான் வந்தாராம். நீங்க பேசினதுல செரிச்சுப் போச்சாம்.

— சிரி, சிரி. ஆனா இதை மட்டும் மாத்தச் சொல்லாதே. தொழிலுக்காகத் தொண்டையைக் குடுத்தவன். அது அப்படியே இருக்கட்டும்.

— கத்தினா புத்துநோய் வராதுன்னு டாக்டர் முத நாளே சொல்லிட்டாரு. வர்றதா இருந்தா இந்தத் தெருவுல காய்கறி வண்டிக்காரருக்குத்தான் முதல்ல வந்திருக்கணும். திரும்புங்க. முதுகுப் பக்கம் பாக்கணும்.

— அப்ப சிகரெட்னு போட்டுடவா?

— நீங்க எங்க சிகரெட் பிடிச்சீங்க? கடைசி வரிசையில ஒருத்தர் பத்தவெச்சாலே, மைக்ல அவர் சட்டை நிறத்தைச் சொல்லி வெளியே அனுப்பின ஆளு.

— இப்ப நினைச்சா அன்னிக்கே ரெண்டு பாக்கெட் பிடிச்சுத் தொலைச்சிருக்கலாம். கேக்கறவங்களுக்குச் சொல்ல ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

— கழட்டுங்க. அடுத்த சட்டையைப் போடுங்க. அந்த வெள்ளை.

— வெள்ளையா? அது மேடைச் சட்டை. அதோட காலரையுமா வெட்டப் போறே?

— எல்லாத்தையும்தான். நர்ஸம்மா என்ன சொன்னாங்க? கரண்ட் வைக்க வைக்க கழுத்துத் தோல் வெந்து உரியும், காலர் பட்டா உயிர் போகும். துண்டு கூட மெத்துன்னு இருக்கணும்னாங்க. நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க?

— உக்காந்திருந்தேன். காதுல வாங்கலை. என்னை மேசையில படுக்கவெச்சு, சுடுதண்ணியில ஊறவெச்ச பிளாஸ்டிக்கை மூஞ்சிமேல அமுக்கி அச்செடுத்தாங்க பாரு, அதோட காது அடைச்சுப் போச்சு. வலை வலையா ஒரு முகமூடி. அதைப் போட்டு மேசையோட சேத்து இறுக்கிடுவாங்களாம். பேசக்கூடாது, முழுங்கக்கூட யோசிக்கணும். மேடையில முப்பது பேருக்கு நடுவுல நின்னவனை ஆணியடிச்ச மாதிரி...

— கால் மணி நேரம்தான்.

— கால் மணி நேரம் நான் பேசாம இருந்து நீ பாத்திருக்கியா?

— பாக்கத்தான் போறேன்.

— சட்டையை வீணாக்காதேம்மா. எத்தனை சட்டை. எங்க தொழில்ல எவனுக்கும் இத்தனை கிடையாது தெரியுமா? பந்தல்காரர்லேர்ந்து தபேலாக்காரர் வரைக்கும் பொறாமை. 'அண்ணே, உங்களுக்கு மட்டும் மூணு மாசத்துக்கு ஒரு சட்டை எப்படிண்ணே'ன்னுவாங்க. 'அது சட்டை இல்லடா, காதல்'னு சொல்வேன்.

— சொல்லுவீங்க. துணியும் நூலும் என்னோடது.

— அதுலயும் பொண்ணு காலேஜ் சேந்ததுலேர்ந்து ஒவ்வொரு தடவையும் புதுசா அளவு வேற. அங்கங்க பழைய சட்டையைக் குடுத்து 'இதே மாதிரி'ன்னு தைக்கச் சொல்றான். எனக்கு என்னடான்னா டேப்பை எடுத்துட்டு வந்து, நிக்கவெச்சு, கழுத்தைச் சுத்தி... ஒரு ராஜாவுக்குக் கூட அப்படி அளவெடுத்திருக்க மாட்டாங்க.

— கையைத் தூக்குங்க.

— அந்தக் கடைசி அளவு ஞாபகம் இருக்கா? நீலத்துணிக்கு. ஒரு தடவை சுத்தினே. டேப்பைக் கீழ போட்டே. எடுத்தே, மறுபடி சுத்தினே. மறுபடியும் கீழ போட்டே. 'துணி பத்தாது'ன்னு சொல்லிட்டு சமையக்கட்டுக்குள்ள போயிட்டே. நான் கண்ணாடி முன்னாடி சட்டை இல்லாம நின்னுட்டிருக்கேன்.

— ஞாபகம் இருக்கு.

— கழுத்தளவுக்குத் துணி பத்தலைன்னா அது எந்த ஊர்க் கணக்குன்னு அப்பவே கேக்கணும்னு இருந்தேன். மறுநாள் காலையில என்னன்னே சொல்லாம டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிட்டே. எனக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இடது தாடைக்குக் கீழ கோலிக்குண்டு மாதிரி ஒண்ணு. ஷேவ் பண்றப்ப எனக்கே தெரியலை.

— குண்டூசியை மிதிச்சிடாதீங்க. அந்தப் பக்கம் சிந்திக் கெடக்கு.

— இரு, இரு. சத்தம் போடாதே. கேக்குதா?

— என்ன?

— தெருமுனையில. ஆட்டோ. என் குரல்.

— ஆமா. துணிக்கடைத் தள்ளுபடி.

— அந்த 'இன்றே கடைசி' வருது பாரு. 'கடை'யில ஏறி 'சி'யில இறங்குவேன். அந்த இறக்கம் இந்த ஊர்ல எவனுக்கும் வராது.

— அந்த 'இன்றே கடைசி'யை நாலு மாசமாச் சொல்லிட்டிருக்கீங்க.

— கடைக்காரர் பணத்துக்குச் சொன்னது. குரல் என்னவோ நிஜம். ... போயிடுச்சு. நாளையிலேர்ந்து நான் வீட்டுக்குள்ள எச்சில் வத்தி உக்காந்திருப்பேன். அது மட்டும் தெருத்தெருவாச் சுத்தும்.

— டாக்டர் குரல் போயிடும்னு சொல்லலையே. கரகரப்பு இருக்கும், வாய் காயும், ருசி கொஞ்ச நாள் தெரியாதுன்னுதானே சொன்னாரு.

— கரகரத்த குரலை யாரு ஆட்டோவுல ஏத்துவா? கரண்ட் வைக்கறதுக்கு முன்னாடின்னு பின்கடவாய்ப் பல்லு ரெண்டைப் பிடுங்கினதுலயே 'சபையோர்'னா காத்து விசிலடிக்குது. நீ பாரு, நாளைக்கு நான் வரலை.

— எங்க?

— ஆஸ்பத்திரிக்கு. பொண்ணு கல்யாணம் முடியட்டும். ரெண்டே மாசம். அந்த மேடையில மாப்பிள்ளை பொண்ணு பேரை நான் சொல்லணும். அதுக்கப்புறம் முகமூடி போடட்டும், கரண்ட் வைக்கட்டும், என்ன வேணா செய்யட்டும்.

— ரெண்டு மாசத்துல அந்தக் கோலிக்குண்டு என்ன ஆகும்?

— வலிக்கவே இல்லையேம்மா.

— வலிக்காததாலதானே பயமே. உண்மையைச் சொல்லுங்க. கல்யாணத்துக்காகவா?

— பின்னே?

— கல்யாணத்தைத் தள்ளிவெக்கறேன்னு பொண்ணே சொல்லிட்டா. மாப்பிள்ளை வீட்டுலயும் சரின்னுட்டாங்க. போன வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்களும் சரின்னுதான் இருந்தீங்க. வெள்ளிக்கிழமை டாக்டர் என்னை மருந்துக்கடைக்கு அனுப்பிட்டு உங்களோட தனியாப் பேசினாரு. வெளியே வந்தவர் வேற ஆளா வந்தீங்க. அன்னிலேர்ந்து என் மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை பேசலை. சங்கத்துக்குத்தான் பேசறீங்க.

— அந்த மிஷினைக் கொஞ்சம் நிறுத்தறியா?

— நிறுத்திட்டேன். சொல்லுங்க.

— கதவு சாத்தியிருக்கா?

— சாத்தியிருக்கு. வீட்டுல நாம ரெண்டு பேர்தான்.

— டாக்டர் ஒரு கேள்வி கேட்டாரு. கையில மைக் இருந்திருந்தா மூடிப் பிடிச்சிருப்பேன். அவரே குரலைத் தணிச்சுத்தான் கேட்டாரு. கல்யாணத்துக்கு முன்னாடி, பின்னாடி... வேற பழக்கம் உண்டான்னு.

— சரி.

— டான்சில்ல ஆரம்பிச்சு கழுத்துக்கு வந்திருக்காம். அங்கேர்ந்து எடுத்த சதையைச் சோதிச்சதுல ஒரு வைரஸ் இருக்காம். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். பேரைப் பாரு, சிறப்பு விருந்தினர் மாதிரி. உறவுல ஒட்டறதாம். வாய் வழியாவும் போகுமாம். உள்ள போய் இருபது வருஷம், முப்பது வருஷம் சும்மா உக்காந்திருந்துட்டு, யாருக்கோ ஒருத்தருக்கு இப்படி ஆகுமாம்.

— அதைச் சொல்லத்தான் அஞ்சு நாளா மென்னு முழுங்கினீங்களா?

— இன்னும் கேளு. அந்த மனுஷன் சந்தோஷமாச் சொல்றாரு. 'வைரஸால வந்தது ஒரு விதத்துல நல்லது சார், சிகரெட்டால வர்றதைவிட இது சிகிச்சைக்கு நல்லாக் கேக்கும், குணமாக நிறைய வாய்ப்பு இருக்கு'ன்னு. கையைப் பிடிச்சுக் குலுக்காத குறை.

— அப்ப நல்ல சேதிதானே.

— எது நல்ல சேதி? புகையில போட்டு வந்ததுன்னா ஊர் பாவம்னும். கத்திக் கத்தி வந்ததுன்னா மாலை போடும். இதை நான் எந்த மேடையில சொல்லுவேன்? வெளியே சொல்ற மாதிரி நோய் வந்தவன் சாகறான். எனக்கு வந்தது பொழைக்கற நோய், ஆனா வாயைத் திறக்க முடியாது.

— வாயைத் திறக்காம பொழைச்சுக் கெடங்க. எனக்கு அது போதும்.

— உனக்குப் போதும். எனக்குப் போதாது. நான் சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. ஊர் ஊராப் போனேன். லாட்ஜ்ல தங்கினேன். விடிய விடிய நாடகக்காரங்களோட வேன்ல வந்தேன். ஒருத்தி பக்கம் திரும்பினதில்லை. கல்யாணத்துக்கு முன்னாடியும் இல்லை. எனக்கு மேடையில பேசவே நேரம் பத்தலை.

— அதை நம்பறேன்.

— அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சு?

— அந்த நூல்கண்டை இப்படித் தள்ளுங்க.

— நான் கேட்டது காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு.

— நான் யார்கிட்டயும் போகலை. அப்ப உன்கிட்டேர்ந்துதானே வந்திருக்கணும். உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு? அஞ்சு நாளா இதுதான் உள்ளுக்குள்ள ஓடுது. இதுக்குப் பதில் தெரியாம நான் அந்த மேசையில போய்ப் படுக்க மாட்டேன். சத்தியமாப் படுக்க மாட்டேன். அங்க அசையாம கெடக்கறப்ப வேற என்னத்தை நினைப்பேன்?

— ஸ்ஸ்!

— அழறியா?

— இல்லை. ஊசி குத்திடுச்சு.

— நீ ஊசி குத்தி நான் பாத்ததே இல்லை.

— இன்னிக்குக் குத்திடுச்சு. உக்காருங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. சட்டை கெடக்கட்டும். பொண்ணு எட்டாவது படிச்சப்ப எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சே, ஞாபகம் இருக்கா?

— மிஷின் மிதிச்சு மிதிச்சு. ரெண்டு வாரம் படுத்துட்டே. உங்கக்கா வந்து சமைச்சாங்க.

— இடுப்பு இல்லைங்க. கர்ப்பப்பை வாயில ஒரு சோதனை எடுத்தாங்க. சதை மாறிட்டு வருது, இப்படியே விட்டா புத்துநோயாப் போயிடும்னாங்க. காலையில போய் அந்த இடத்தை மட்டும் எடுத்துட்டு சாயங்காலம் வந்துட்டேன். அக்கா கூட வந்தா. அதுவும் இதே வைரஸ்தான். இதே பேருதான்.

— எனக்கு ஒரு வார்த்தை...

— அன்னிக்குச் சாயங்காலம் உங்களுக்கு நகராட்சி மண்டபத்துல விழா. நான் சுருண்டு படுத்திருக்கேன். நீங்க வாசல்ல நின்னு 'டை சரியா இருக்கா'ன்னு கேட்டீங்க. சரியா இருக்குன்னு சொன்னேன்.

— டெய்லரம்மா.

— வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எப்படிச் சொல்றது? இப்ப நீங்க கேட்ட கேள்வியை அன்னிக்கே கேட்டிருப்பீங்க. அன்னிக்கு என்கிட்டப் பதில் இல்லை. இன்னிக்கும் இல்லை. அந்தம்மாகிட்ட நானே கேட்டேன். ஊர்ல முக்காவாசிப் பேருக்கு ஒரு தடவையாவது வந்துட்டுப் போற வைரஸ், பெரும்பாலும் தானாப் போயிடும், சில பேர்கிட்டத் தங்கிடும், யார்கிட்டேர்ந்து யாருக்கு எப்பன்னு எந்தப் பரிசோதனையும் சொல்லாதுன்னாங்க.

— நான் வேண்டாதது கேட்டுட்டேன்.

— கேட்டுட்டீங்க. பரவால்லை. இன்னொண்ணு சொல்லவா? பொண்ணு காலேஜ் சேந்த வருஷம் அந்த மண்டபத்துலயே இந்த வைரஸுக்கான தடுப்பூசிக் கூட்டம் ஒண்ணு நடந்துச்சு. நீங்கதான் அறிவிப்பாளர்.

— இளஞ்சிவப்புப் பந்தல் போட்டது. பெண்கள் நலக் கூட்டம்.

— நோட்டீஸ்ல பெண்கள் நலம்னு எங்கயும் போடலை. நீங்களாச் சேத்துக்கிட்டீங்க. பேசற டாக்டரம்மாவை அறிமுகப்படுத்திட்டு மைக்ல என்ன சொன்னீங்க?

— என்ன சொன்னேன்?

— 'இது தாய்க்குலத்துக்கான சமாச்சாரம், ஆண் சிங்கங்கள் வெளியே போய்த் தேநீர் அருந்தலாம்'னீங்க. மண்டபமே கைதட்டுச்சு. ஆம்பளைங்க அத்தனை பேரும் எழுந்து போனாங்க. முதல்ல போனது நீங்க.

— கைதட்டினது ஞாபகம் இருக்கு.

— நான் பொண்ணோட மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். நீங்க டீ குடிச்சிட்டிருந்தப்ப அந்தம்மா சொன்னாங்க. இது பொம்பளைங்க நோய் மட்டும் இல்லை, இதே வைரஸால ஆம்பளைங்களுக்குத் தொண்டையில வருது, டான்சில்ல வருது, நாக்கோட அடியில வருது. முன்கூட்டியே கண்டுபிடிக்க அவங்களுக்குச் சோதனை ஒண்ணும் கிடையாது. கழுத்துல வலியில்லாத கட்டி வந்து கரையலைன்னா உடனே கூட்டிட்டு வாங்கன்னாங்க. கேக்க ஒரு ஆம்பளை இல்லை. வாசல்ல உங்க சிரிப்புச் சத்தம்தான் கேட்டுச்சு.

— பொண்ணுக்கு?

— அன்னிக்கே ஊசி போட்டாச்சு. அவகிட்ட அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம்னேன். நீங்க அதுக்கும் ஒரு வரவேற்புரை வாசிப்பீங்க.

— நான் என்ன மனுஷன். ... சரி, கேக்கறேன். இத்தனை வருஷம் இதை வெச்சுட்டு என் பக்கத்துல படுத்திருக்கே. நான்தான் எங்கேர்ந்தோ கொண்டாந்து உனக்குக் குடுத்தேன்னு நினைச்சிருப்பே. லாட்ஜ், வேன், நாடகக்காரங்க. ஒவ்வொரு தடவை நான் வெளியூர் போனப்பவும் நினைச்சிருப்பே. இல்லைன்னு சொல்லாதே. நான் இப்பவே சத்தியம் பண்றேன், எங்க வேணா பண்றேன்...

— சத்தியமெல்லாம் வேண்டாம். நான் ஒரு தடவை கூட உங்களை அப்படி நினைக்கலை.

— எப்படி நினைக்காம இருப்பே? யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு எனக்கு அஞ்சு நாள் தாங்கலையே.

— யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு நான் யோசிக்கலைங்க. அது எனக்கு வந்தாச்சு, எடுத்தாச்சு. என்கிட்டேர்ந்து உங்களுக்குப் போயிருக்குமோன்னுதான் பயம். அந்தக் கூட்டத்துக்கப்புறம் அது ஒண்ணுதான்.

— அந்தத் தண்ணிச் சொம்பை இப்படிக் குடு.

— குடிங்க. நாளைக்கப்புறம் போகப் போக முழுங்கறது சிரமம்.

— வண்டி எத்தனை மணிக்குச் சொல்லியிருக்கே?

— ஆறரைக்கு.

— அஞ்சரைக்கு எழுப்பு. சங்கத்துக்கு உடம்பு சரியில்லைன்னு போட்டுடறேன். ரெண்டு வார்த்தை.

— போடுங்க. அந்த வெள்ளையைக் குடுங்க, காலரை எடுத்துடறேன்.

— இந்தா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. கழுத்துல கட்டி வரும்னு அத்தனை வருஷம் முன்னாடியே தெரியும்ங்கறே. பயந்துட்டே இருந்தேங்கறே. ஒரு தடவையாவது என் கழுத்தைத் தொட்டுப் பாத்திருக்கலாமே. சட்டைக்கு அளவெடுக்கறதைத் தவிர நீ என் கழுத்துப் பக்கமே வந்ததில்லையேம்மா.

— உங்க கழுத்து பதினஞ்சரை இன்ச். நம்ம கல்யாணச் சட்டை தைச்சப்பவே எனக்குத் தெரியும்.